சிரிப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்: இரண்டு கொரியப் படங்கள்

'மிட்நைட் ரன்னர்ஸ்' (2017), 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' (2019) இரண்டுமே போலீஸ் நகைச்சுவைதான். ஆனால் வில்லனை எங்கே தேடுகின்றன என்பதில் பெரிய வித்தியாசம்.

முதல் படத்தில் இரண்டு போலீஸ் பயிற்சி மாணவர்கள் ஒரு கடத்தலைத் துரத்திக்கொண்டு சியோலின் தேரிம்-தொங் பகுதிக்குப் போகிறார்கள். அது சீனாவிலிருந்து வந்த கொரிய வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் இடம். படமோ அதைப் போலீஸே நுழையப் பயப்படும் குற்றக் கூடாரமாகக் காட்டுகிறது. அங்கே கடை வைத்துப் பிழைக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் மக்கள் கொதித்துப்போய் வழக்குத் தொடுத்தார்கள். 2020இல் நீதிமன்றம் தயாரிப்பு நிறுவனத்தை மன்னிப்புக் கேட்கும்படி பரிந்துரைத்தது. அந்தக் கோபம் முழுக்க நியாயமானது. நாயகர்கள் இருவரின் நட்பு அவ்வளவு அழகு, அதனாலேயே எனக்கு வருத்தம் அதிகம்.

'எக்ஸ்ட்ரீம் ஜாப்' படத்தில் துப்பறிவாளர்கள் கோழி வறுவல் கடை நடத்துகிறார்கள். சிரிப்பு அவர்களுடைய திண்டாட்டத்திலிருந்தே வருகிறது; எந்தச் சமூகத்தின் தலையிலும் பழி விழவில்லை. 1.6 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. சரி, ஐந்து பேர் குழுவில் பெண் ஒருவர்தான். ஆனால் லீ ஹனீயின் அந்தப் பாத்திரம் அடிதடியிலும் சிரிப்பிலும் சரிபங்கு எடுத்துக்கொள்கிறது. நண்பர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்தப் படத்தைத்தான்.