இறை இரக்க ஞாயிறுக்காக வாங்கிய திருவுருவப் படம்: ஒரு மதிப்புரை

நடமாட முடியாத என் தாயாரின் கட்டிலுக்கு எதிரே மாட்டுவதற்காக, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) அடுத்த ஞாயிறான இறை இரக்க ஞாயிறன்று ஆலயத்தில் மந்திரித்து எடுத்துவரும் எண்ணத்தோடு, சமயப் பொருள்களை இணையத்தில் விற்கும் ஒரு நிறுவனத்திடம் இரக்கமுள்ள இயேசுவின் இந்தப் படத்தை வாங்கினேன். கண்ணாடியில் கீறல் இல்லை, மரச்சட்டம் உறுதியானது.

இது 1934-இல் வில்னியுஸ் நகரில், இயேசுவை இவ்வுருவில் காட்சியில் கண்ட போலந்துத் துறவி புனித பவுஸ்தினா அருகிருந்து வழிகாட்ட, ஓவியர் கசிமிரோவ்ஸ்கி வரைந்த மூல ஓவியத்தின் பிரதி. பரவலாக அறியப்பட்ட மற்றொரு படம், புனிதரின் மறைவுக்குப் பின் கிராக்கோவ் மடத்துக்காக ஹிவா வரைந்தது. மூல ஓவியத்தில் இயேசுவின் பார்வை தாழ்ந்திருக்கும். அது சிலுவையிலிருந்து நோக்கிய பார்வையைப் போன்றது என்று இயேசு தமக்கு உணர்த்தியதாகப் புனிதர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். முகத்தைச் செயற்கையாக வெளுப்பாக்காமல், அந்தப் பார்வையை அச்சகத்தார் அப்படியே காத்திருப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

கதிர்களில்தான் குறை தொடங்குகிறது. இயேசுவின் நெஞ்சிலிருந்து புறப்படும் இரு கதிர்களில் ஒன்று தண்ணீரையும் மற்றொன்று இரத்தத்தையும் குறிப்பதால் முன்னது வெளிர்நிறமாக இருக்க வேண்டும். இங்கே அது அடர்ந்த நீலமாகிவிட்டது. ஆயினும் இதற்காகப் படத்தைத் திருப்பியனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஓவியம் தாம் கண்ட காட்சியின் அழகுக்கு ஈடாகவில்லையே என்று பவுஸ்தினா அழுதபோது, படத்தின் மேன்மை வண்ணத்திலோ தூரிகையிலோ இல்லை, இறையருளில்தான் இருக்கிறது என்பதே அவருக்குக் கிடைத்த பதில்.

படத்துக்கு அடியில் இருக்க வேண்டிய ‘இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்’ என்ற வரியை விட்டுவிட்டதை மட்டும் என்னால் அவ்வாறு எடுத்துக்கொள்ள முடியவில்லை. 1931 பிப்ரவரி 22 அன்று புவோட்ஸ்க் மடத்தில் பவுஸ்தினா பெற்ற காட்சியில், உருவத்தோடு சேர்த்தே கேட்கப்பட்ட சொற்கள் அவை.

உடன் வந்த துண்டறிக்கை, புனித வெள்ளியன்று தொடங்கும் நவநாளை (ஒன்பது நாள் செபத்தை) சரியாக விளக்குகிறது. ஆனால் அந்த ஞாயிறன்று திருப்பலிக்கு வந்தாலே நிறைபலன் (மன்னிக்கப்பட்ட பாவங்களுக்குரிய தண்டனை முழுவதிலிருந்தும் விடுதலை) கிடைக்கும் என்று எழுதியிருப்பது பிழை. 2002-ஆம் ஆண்டு வத்திக்கான் ஆணையின்படி ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்), நற்கருணை, திருத்தந்தையின் கருத்துகளுக்காக வேண்டுதல் ஆகியவற்றோடு, பாவப் பற்றை முற்றிலும் விட்ட மனமும் வேண்டும். வீட்டைவிட்டு வெளியேற இயலாத நோயாளர், பாவத்தை வெறுத்து, இந்த நிபந்தனைகளை இயன்றவுடன் நிறைவேற்றும் எண்ணத்தோடு, இரக்கமுள்ள இயேசுவின் படத்துக்கு முன் ‘விண்ணுலகில் இருக்கிற’ செபத்தையும் விசுவாச அறிக்கையையும் சொல்லி, இயேசுவில் நம்பிக்கையை அறிக்கையிடும் ஒரு சிறு மன்றாட்டைச் சேர்த்தால் அவர்களும் அந்தப் பலனைப் பெறலாம். இப்படத்தை வாங்குவோருக்கு மிகவும் பயன்படக்கூடிய இந்தச் செய்தி அறிக்கையில் எங்குமே இல்லை.

விற்பனையாளர் அடுத்த அச்சில் படத்தில் அந்த வரியையும் அறிக்கையில் இந்தச் செய்தியையும் சேர்க்க வேண்டும். இப்போதைக்கு அந்த வரியை, தாயார் கட்டிலிலிருந்தே படிக்கும் அளவுக்குப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிச் சட்டத்தின் கீழே ஒட்டியிருக்கிறேன்.