தபால் ஓட்டா, ஊருக்கு வந்து போடும் ஓட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் தேர்தல் வந்தாலே இந்தக் கேள்விதான்.

செலவு: தபால் என்றால் நமக்கு விமான டிக்கெட் மிச்சம். ஆனால் அதிகாரிகளுக்கு வேலை கூடுதல். விண்ணப்பம் பார்த்து, ஆளாளுக்கு உறை கட்டி அனுப்ப வேண்டும். நேரில் என்றால் பள்ளி வகுப்பறையே போதும்.

நேரம்: இதுதான் முக்கியம். 2022 பொதுத்தேர்தலில் வேட்புமனு நவம்பர் 5, வாக்களிப்பு 19. அந்த 14 நாளுக்குள் வாக்குச்சீட்டு போய், சாட்சி கையெழுத்தோடு திரும்ப வேண்டும். லண்டனில் இருக்கும் அண்ணன் மகளுக்கு 17ஆம் தேதிதான் சீட்டே கிடைத்தது. உறையைக் கையில் வைத்துக்கொண்டு போனில் அழுதாள்.

சுலபம்: நேரில் ஐ.சி. (அடையாள அட்டை), விரலில் மை, அவ்வளவுதான்.

கே.எல். (கோலாலம்பூர்) பிள்ளைகள் பஸ் ஏறிவிடுங்கள். லண்டன், மெல்பர்ன் பிள்ளைகளுக்குத் தபால்தான் சரி. விண்ணப்பம் திறந்த அன்றே வெளிநாட்டு வாக்காளர்களின் தபால் ஓட்டு விண்ணப்பமான 1பி பாரத்தை அனுப்பிவிடுங்கள்.