வாழ்த்து அட்டைக்கு ஸ்டாம்பா, ஸ்டென்சிலா?

வாசகத்துக்கு, மை தொட்டு அழுத்தும் ஸ்டாம்ப்தான். வடிவங்கள் வெட்டிய தகடான ஸ்டென்சிலில் ‘வ’வின் சுழிக்குள் இருக்கும் துண்டு விழாமல் நிற்க ஒரு பாலம் விட வேண்டும், எழுத்து அங்கே அறுந்து தெரியும். புது கிளியர் ஸ்டாம்பில் (ஊடுருவித் தெரியும் ஸ்டாம்ப்) மை முத்து முத்தாகத் திரளும். பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்துவிட்டால் சீராகப் பிடிக்கும். அழுத்தும்போது ஆட்டினால் ஓரம் இரட்டிக்கும்.

பின்னணிக்கு ஸ்டென்சில். ஒரு நிறம் இன்னொன்றில் கரைந்து போவது இதில்தான் அழகாக வரும். கெடுப்பது அதிக மை: விளிம்புக்கு அடியில் கசிந்துவிடும். பிரஷை மையில் தொட்டதும் கழிவுத்தாளில் நாலைந்து முறை துடைத்துவிட்டு, ஸ்டென்சிலின் மூடிய பகுதியில் தொடங்கி, வட்ட வட்டமாக ஓட்டைக்குள் வாருங்கள். டெக்ஸ்சர் பேஸ்ட் (புடைப்பாக நிற்கும் கெட்டிப் பசை) என்றால் 1 மி.மீ. கனம் போதும். பூசியதும் ஸ்டென்சிலை நேராக மேலே தூக்கி, உடனே கழுவுங்கள்; காய்ந்தால் நுணுக்கமான ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும், சுரண்டினால் கிழியும்.