ஸ்கேல் வச்சு பெட்டி வரையுறதா, வெறுங்கையில 250 பெட்டியா?

நாகர்கோவில்ல ஒரு ட்ராயிங் கிளாஸ்ல மூணு மாசம் ஸ்கேல் புடிச்சு பெட்டி வரஞ்சேன், அப்புறம் ட்ராஅபாக்ஸ் (Drawabox)ங்கிற இலவச ஆன்லைன் ட்ராயிங் பாடத்துல வர்ற 250 பெட்டிய வீட்ல இருந்தே முடிச்சேன், ரெண்டுலயும் அடிபட்டதால சொல்லுதேன்.

ஸ்கேல் வழி ஈஸி. அடிவானக் கோடு ஒண்ணு, அதுல ரெண்டு மறைபுள்ளி, நிமிந்து நிக்கத விட்டு மத்த கோட்டையெல்லாம் அங்க இழுத்துட்டா போதும், பெட்டி வந்துரும். மறைபுள்ளி புரியலன்னா சுசீந்திரம் கோயில் பிரகாரத்துல ஒரு முனையில நின்னு பாருங்க, தூண் வரிசை, கூரை, தரை எல்லாம் தூரத்துல ஒரே எடத்துக்கு போயி ஒடுங்கும், அந்த எடம்தான் மறைபுள்ளி. ஆனா ரெண்டு புள்ளியையும் ஒரு ஏ4 தாளுக்குள்ள அடக்குனா பெட்டி இழுத்து வச்ச மாதிரி கோணலா தெரியும், இத கிளாஸ்ல யாரும் சொல்லல, டிக் மட்டும் போட்டாங்க. கொளச்சல்ல அடுக்கி வச்சிருந்த மீன் பெட்டிய சின்ன நோட்டுல வரைய போனா மறைபுள்ளி தாளுக்கு வெளிய எங்கயோ கெடக்கு, கை அப்படியே நின்னுட்டு.

இன்னொண்ணு, ரெண்டு புள்ளி முறையில நிமிந்து நிக்க கோடெல்லாம் நேராவே நிக்கும். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு அடியில நின்னு அண்ணாந்து பாருங்க, 115 அடி உயரம், தூண் மேல போகப் போக ஒடுங்கும். அதுக்கு மூணாவது புள்ளி வேணும்.

250 பெட்டியில எல்லாமே மூணு புள்ளிதான், ஸ்கேல் கெடையாது, மெல்லிசா மை கோடு விழுற பைன்லைனர் பேனா, அழிக்கவும் முடியாது. நமக்கு பக்கத்துல இருக்க மூலையில Y எழுத்து மாதிரி மூணு கோடு போட்டு ஆரம்பிக்கணும், மொத்தம் 12 கோடு, நாலு நாலா மூணு கூட்டம், ஒவ்வொரு கூட்டமும் ஒரே புள்ளிக்கு போகணும். வரஞ்சு முடிச்சதும் சிவப்பு பேனாவால கோடுகள பின்னாடி நீட்டிப் பாக்கணும், அங்கதான் மானம் போகும். எனக்க 31வது பெட்டி பாக்க கொள்ளாம், நீட்டுனா மூணு கோடு ஒழுங்கா போகுது, பின்னால மறைஞ்சிருக்க நாலாவது மட்டும் குறுக்க வெட்டிட்டு போகுது. பக்கத்து கோட்ட மட்டும் பாத்து இழுத்ததுதான் தப்பு, நாலையும் சேத்து பாத்தப்புறம்தான் சரியாச்சு.

மொபைல் ஆப்ல 3டி பெட்டிய வேணுங்கிற பக்கம் திருப்பி வச்சு ட்ரேஸ் பண்றதும் உண்டு, சரி பாக்க உதவும், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

பாலிடெக்னிக்ல ட்ராயிங் பேப்பர் எழுதணும்னா ஸ்கேல் வழிக்கு போங்க. பாத்தத வரையணும்னா 250தான், ஒரு நாளைக்கு 5 போட்டா 50 நாள்ல முடிஞ்சிரும். ஆனா நோட்ட யாருகிட்டயாவது காட்டணும், சிவப்பு பேனாவுக்கு கோடு எங்க போகுதுன்னுதான் தெரியும். தக்கலையில ஆசாரி வேலை பாக்க மாமா எனக்க முதல் 100 பெட்டிய பொரட்டிட்டு, "மக்கா, எல்லாத்தையும் மேல இருந்தே பாத்து வரஞ்சிருக்க, ஒண்ண தூக்கி பரண்ல வச்சு பாரு"ன்னாரு. அதுவரைக்கும் ஒரு பெட்டிய கூட நான் கீழ இருந்து அடிப்பக்கம் தெரியுற மாதிரி வரஞ்சதில்ல, 101வது பெட்டிய பரண்ல கெடந்த பழைய டிரங்கு பெட்டிய அண்ணாந்து பாத்துதான் போட்டேன், சிவப்பு கோடு மறுபடியும் நாலு தெசைக்கு போச்சு.