ஸ்கேலா, காதா? வெள்ளவத்தையிலிருந்து ஒரு ஜாஸ் கணக்கு

சாக்ஸபோனில் விரல் ஓரளவு ஓடத் தொடங்கியதும் எல்லோரும் வந்து முட்டுகிற இடம் ஒன்றுண்டு. நோட்டேஷனைப் பார்த்து ஊத முடிகிறது; தாளை எடுத்துவிட்டால் வாயடைத்துப் போகிறது. ஜாஸில் தாளை எடுத்த பிறகுதானே விஷயமே ஆரம்பம்! அங்கே போக இரண்டு பெரிய வழிகள். எந்த கோர்டுக்கு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு) எந்த ஸ்கேல் (ஸ்வரவரிசை) பொருந்தும் என்று படித்து, அதிலிருந்து கற்பனை செய்வது ஒன்று. பெரிய வித்துவான் ஒருவரின் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, காதால் கேட்டு அப்படியே பிடிப்பது மற்றது. நான் முதலாவதில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தவன். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும்.

சின்ன வயதில் சங்கீத வகுப்புக்குப் போன நம்மவர்களுக்கு ஸ்கேல் வழி பார்த்தவுடனேயே பிடித்துவிடும். புத்தகம் டோரியன் என்று சொல்வது நம்முடைய கரகரப்பிரியா, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போஜி, லிடியன் கல்யாணி. பாதிப் பாடம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

12 பார் ப்ளூஸை, அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றில் முடியும் ஜாஸ் வடிவத்தை, எடுப்போம். பாண்ட் பி ஃபிளாட் சுருதியில் வாசித்தால் என் டெனர் சாக்ஸபோனுக்கு அது சி. எளிய வடிவத்தில் முதல் நாலு பாரும் சி செவன் என்ற கோர்டு. ஸட்ஜத்தை சியில் வைத்தால் ஹரிகாம்போஜி. ஐந்தாவது பாரில் எஃப் செவன் வருகிறது. மற்ற ஸ்வரமெல்லாம் அதே இடத்தில் நிற்க, காந்தாரம் மட்டும் அந்தரத்திலிருந்து சாதாரணத்துக்கு இறங்குகிறது. ஹரிகாம்போஜி கரகரப்பிரியாவாகிவிட்டது! இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

அப்புறம் என் வாசிப்பைப் போனில் பதிவு செய்து கேட்டேன். ஒரு ஸ்வரமும் பிழையில்லை. ஜாஸும் இல்லை. ஒவ்வொரு வரியும் பாரின் முதல் அடியில் எடுத்து, ஒழுங்காக நடந்து, அடுத்த முதல் அடியில் போய் உட்காருகிறது. சரளிவரிசைக்குத் தொப்பி போட்டதுபோல இருந்தது. எந்த ஸ்வரம் என்று ஸ்கேல் சொல்லும். எப்போது எடுப்பது, எதை அழுத்துவது, எதை விழுங்குவது என்று அது சொல்லாது. ஸ்விங் என்ற ஜாஸ் நடையில் அரை அடிகள் இரண்டும் சமமில்லை. எவ்வளவு சமமில்லை என்பது வேகத்துக்கு வேகம், ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தாளில் எப்படி எழுதுவது?

சரி, காதுக்கு வருவோம். டெனர் சாக்ஸபோன் வித்துவான் லெஸ்டர் யங் 1936இல் பதிவு செய்த ‘லேடி பி குட்’ சோலோ 64 பார். யூடியூப்பில் வேகத்தைப் பாதியாக்கி, இரண்டிரண்டு பாராக எடுத்தேன். முதலில் வாயால் பாட வேண்டும்; பாட வந்த பிறகுதான் வாத்தியத்தில் கை. லென்னி ட்ரிஸ்டானோ என்ற பியானோக்காரரும் தன் மாணவர்களை லெஸ்டர் யங்கின் சோலோக்களைப் பாடத்தான் வைத்தார். நமக்கு இதில் என்ன புதுமை? ஆசிரியர் பாட, நாம் திருப்பிப் பாடி வந்த பாடாந்தரம்தானே. அப்படிப் படித்து வளர்ந்த நான் புத்தகத்தைத் தேடிப் போனதுதான் வேடிக்கை. பாடசாலைகளின் கிரிக்கெட் பிக் மேட்ச் காலத்தில் பப்பரே பாண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர்களின் முன்னால் நோட்டேஷன் தாள் எதையும் நான் கண்டதில்லை.

லெஸ்டர் யங்கிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரே ஸ்வரத்தை வெவ்வேறு விரல்பிடிப்பில் மாற்றி மாற்றி ஊதுவார்; சுருதி அதே, நிறம் வேறு. தாளில் அது ஒரே புள்ளி வரிசையாக நிற்பதுபோலத்தான் தெரியும். கேட்டால்தான் பிடிபடும்.

காதுவழியின் குறையை மறைக்கவில்லை. ஆமை வேகம். எட்டு பாருக்கு எனக்கு மூன்று கிழமை போனது. கவனமில்லாவிட்டால் கிளிப்பிள்ளையாகவும் முடியலாம். சாக்ஸபோன் வித்துவான் ஜோன் கோல்ட்ரேன் 1959இல் பதிவு செய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ மாதிரியானவற்றில் சுருதி மையம் மூன்று இடங்களுக்கிடையே ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே கடதாசியும் பென்சிலுமாக உட்கார்ந்து கோர்டுகளைப் பிரிக்காமல் நகர முடியாது. ஆனால் அது ஐந்தாறு வருடம் கழித்து வரும் தலைவலி. இப்போது தொடங்குகிறவர் காதில் தொடங்கட்டும், மாட்டிக்கொள்ளும் இடத்தில் மட்டும் ஸ்கேல் புத்தகத்தைத் திறக்கட்டும் என்பேன்.

மூன்றாவதாக, பின்னணி டிராக் போட்டு ஊதுவது. ஜேமி ஏபர்சோல்ட் 1967இல் தொடங்கியது, இன்று ஐரியல் ப்ரோ என்ற செயலியாகப் போனுக்குள் இருக்கிறது. எண்ணிக்கை பிசகாமல் பழக நல்லது. ஆனால் மெஷின் உங்களைக் கேட்காது. நீங்கள் நிறுத்தினாலும் அது பாட்டுக்குப் போகும். அதனால் அதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை.

எந்த வழியானாலும் ஊத ஓர் இடம் வேண்டுமே. சாக்ஸபோன் வித்துவான் சோனி ரோலின்ஸ் 1959 முதல் 1961 வரை நியூயோர்க்கில் ஒரு பாலத்துக்குப் போய்ப் பழகினார். நான் வெள்ளவத்தைக் கடலோரத்து மரைன் டிரைவ் பக்கம் போய்ப் பார்த்தேன். அலையும் கரையோர ரயிலும் சத்தத்தை விழுங்கிவிடும். ஆனால் உப்புக் காற்று சாக்ஸபோனின் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும் என்ற பயத்தில் தொடர்மாடிக்கே திரும்பினேன். ஸ்கேல் பழகிய காலத்தில் அங்கே யாரும் ஒன்றும் சொன்னதில்லை. லெஸ்டர் யங் தொடங்கிய மூன்றாம் கிழமை, கீழ்வீட்டு அன்ரி படிக்கட்டில் மறித்தார்.

“தம்பி, உந்த ஒரு வரியைத்தானே மூண்டு கிழமையா ஊதுறீர். மிச்சம் எப்ப வரும்?”

சொல்லிவிட்டு அந்த வரியை முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். ஸ்விங் என்னுடையதைவிட நன்றாக இருந்தது.