பி.டி.எஃப்-இல் கார், கம்பெனி கணக்கில் ஸ்கூட்டர்: இன்சூரன்ஸ் மோசடி எச்சரிக்கை

பழைய கார் வாங்கி, விற்றவரே இன்சூரன்ஸும் போட்டுக் கொடுத்திருந்தால், தயவுசெய்து அந்த பாலிசி நம்பரை இன்றைக்கே கம்பெனியிடம் நேராகக் கேட்டுச் சரிபாருங்கள். கையில் பாலிசி பிரிண்ட் இருக்கிறது, அரசின் எம்பரிவாகன் ஆப்பிலும் தேதி சரியாகக் காட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள். என்னிடம் இரண்டுமே இருந்தன. ஆனால் என் காருக்கு இன்சூரன்ஸ் இல்லை.

திருச்சியில் ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் 1200 சிசி பெட்ரோல் கார் வாங்கினேன். ஆர்.சி. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் அவர்களே முடித்துத் தருவதாகப் பேச்சு. ஃபுல் கவர் இன்சூரன்ஸுக்கு என்று தனியாக 11,800 ரூபாய் கேட்டார்கள், ஜிபே-யில் அனுப்பினேன். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பாலிசி வந்துவிட்டது. பிரபலமான கம்பெனியின் லோகோ, என் பெயர், முகவரி, வண்டி நம்பர், இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கீழே க்யூஆர் கோடு, எல்லாமே இருந்தது. ஒரு எழுத்துகூடப் பிசகாமல் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. வழியில் போலீஸ் நிறுத்தியபோதும் மெஷினில் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்சூரன்ஸ் இருக்கு, போங்க சார்" என்று அனுப்பிவிட்டார்கள்.

துவாக்குடிக்குப் பக்கத்தில் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு மாலை விபத்து நடந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. சர்வீஸ் ரோட்டிலிருந்து மொபெட்டில் வந்த பெரியவர் மீது கார் மோதிவிட்டது. கட்டட வேலைக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர். 108-இல் ஏற்றி ஜி.எச்.சுக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு, பிளேட் வைத்தார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 281, 125 பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். போட்டு, காரை ஸ்டேஷனில் நிறுத்தினார்கள். பெரியவரின் மகனிடம், "தம்பி, ஃபுல் கவர் இருக்கு, இழப்பீடு கண்டிப்பா கிடைச்சிடும்" என்று நம்பிக்கையோடு சொன்னேன்.

மறுநாள் கம்பெனியின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பாலிசி நம்பரைத் தட்டினார். திரையைப் பார்த்தார், என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். மறுபடியும் தட்டிவிட்டு, "சார், உங்க வண்டி ஸ்கூட்டரா?" என்று கேட்டார்.

திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பாலிசி நம்பர் அதேதான், தேதிகளும் அதேதான், வண்டி நம்பர் என் காருடைய நம்பர்தான். ஆனால் வண்டி வகை என்ற இடத்தில் டூவீலர், 110 சிசி என்று இருந்தது. வெறும் தேர்டு பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான கவர் மட்டும். பிரீமியம் 714 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 843. இன்ஜின் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ எண்கள். மொபைல் நம்பர் யாருடையதோ.

அப்போதுதான் விளங்கியது. ஆன்லைனில் டூவீலர் பாலிசி போடும்போது என் காரின் பதிவு எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். 75 முதல் 150 சிசி வரையுள்ள டூவீலருக்கு தேர்டு பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய்தான். என் காருக்கு அதுவே 3,416, ஃபுல் கவர் என்றால் இன்னும் பல ஆயிரம். வந்த பி.டி.எஃப்-ஐத் திருத்தி, ஸ்கூட்டர் இருந்த இடத்தில் காரையும் 843 இருந்த இடத்தில் 11,800-ஐயும் போட்டுவிட்டார்கள். அரசின் வாகன் தளத்தில் பதிவு எண்ணை வைத்துத் தேடினால் கம்பெனி பெயரும் கடைசித் தேதியும் வருகின்றன. அந்த பாலிசி காருக்கா ஸ்கூட்டருக்கா என்று அதில் தெரியவில்லை. அதனால்தான் ஆப்பிலும் சரியாகக் காட்டியது, போலீஸ் மெஷினிலும் தப்பித்தது. பிரிண்டில் இருந்த க்யூஆர் கோடை அப்புறம் ஸ்கேன் செய்து பார்த்தேன். கம்பெனி தளத்துக்குப் போகவில்லை, தாளில் இருந்த அதே பொய் விவரங்களை எழுத்தாகக் காட்டியது.

கன்சல்டிங்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணே, பையன் பண்ண டைப்பிங் மிஸ்டேக்ண்ணே, சரி பண்ணிடலாம்" என்றார். அதன்பின் போனை எடுக்கவில்லை. அவர் எந்தக் கம்பெனிக்கும் பதிவு பெற்ற ஏஜென்டே இல்லை என்பது பிறகு தெரிந்தது. வாடிக்கையாளர் போல அவரே தளத்தில் உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று கேட்டால் பலரும் அபராதத்தைத்தான் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 196-ஆவது பிரிவின்படி முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் அபராதம் 4,000. ஆனால் யாருக்காவது அடிபட்டுவிட்டால் இந்தத் தொகை ஒரு பொருட்டே இல்லை.

முதலில் வண்டி வெளியே வராது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியால் ஒருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், இழப்பீட்டுக்குப் போதுமான ஜாமீன் கொடுக்காமல் கோர்ட் அந்த வண்டியை விடக்கூடாது. 3 மாதத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் வண்டியை ஏலம் விட்டு, பணத்தை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டிவிடுவார்கள். அப்பாவின் பெயரில் இருக்கும் வீட்டுக்குத் தாசில்தாரிடம் சொத்து மதிப்புக்கான சால்வன்சி சர்டிபிகேட் வாங்கி, பத்திர நகலோடு கொடுத்தபின்தான் கார் வந்தது. என் காரின் முன்பக்கச் செலவு முழுக்க என் கையிலிருந்துதான்.

அடுத்தது இழப்பீடு. பெரியவரின் குடும்பம் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறது. முறையான பாலிசி இருந்து, லைசென்ஸ் மாதிரி ஏதாவது சிக்கல் என்றால், பல வழக்குகளில் கம்பெனி முதலில் அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவு வரும். என் விஷயத்தில், இந்தக் காருக்கு நாங்கள் பாலிசியே கொடுக்கவில்லை என்று கம்பெனி எழுத்தில் கொடுத்துவிட்டது. எங்கள் வக்கீல் வாதாடுகிறார். இருந்தாலும் உரிமையாளர் என்ற முறையில் முழுத் தொகையும் என் தலையில் விழலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். தேர்டு பார்ட்டியில் காயத்துக்கும் மரணத்துக்கும் கொடுக்கவேண்டிய தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. அந்த உச்சவரம்பில்லாத பொறுப்பு இப்போது ஒரு சம்பளக்காரனின் மீது நிற்கிறது.

என்னைவிட அந்தக் குடும்பத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. நான் கடன் வாங்கியாவது கட்டுவேன். ஆனால் கம்பெனியிடமிருந்து வந்திருக்க வேண்டிய பணம் என்னிடமிருந்து தவணை தவணையாகத்தான் போகும். பெரியவர் இன்னும் வாக்கரோடுதான் நடக்கிறார், வேலைக்குப் போக முடியவில்லை. சில ஆயிரம் ரூபாய் லாபத்துக்காக அந்தக் கன்சல்டிங்காரர் ஏமாற்றியது, முன்பின் பார்த்தே இராத ஒரு கட்டடத் தொழிலாளியையும் சேர்த்துத்தான்.

நீங்கள் பார்க்கவேண்டியது இதுதான். கம்பெனியின் சொந்தத் தளத்திலோ கஸ்டமர் கேரிலோ பாலிசி நம்பரைக் கொடுத்து, வண்டி வகை என்ன, இன்ஜின், சேசிஸ் நம்பர் என்ன, ஐ.டி.வி. (வண்டிக்குப் போட்டிருக்கும் காப்பீட்டு மதிப்பு) எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, எந்த மொபைல் நம்பர் பதிவாகியிருக்கிறது என்று அவர்கள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். போன் நம்பரையும் அந்த பி.டி.எஃப்-இலிருந்து எடுக்காதீர்கள், கம்பெனி தளத்திலிருந்து எடுங்கள். பாலிசி போட்ட அன்று கம்பெனியிடமிருந்து உங்கள் போனுக்கு எஸ்.எம்.எஸ். வரவில்லை என்றால் அதுவே சந்தேகப்படக் காரணம். எனக்கு வரவே இல்லை. பணத்தை எந்த நபரின் ஜிபே-க்கும் அனுப்பாதீர்கள், கம்பெனிக்கே நேராகக் கட்டுங்கள்.

பாலிசி உண்மையானதாக இருந்தாலும், பழைய உரிமையாளர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் வாங்கிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். தேர்டு பார்ட்டி வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான கவர் தானாக வராது. கிளைம் செய்யாததற்காக அவருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடியும் (நோ கிளைம் போனஸ்) உங்களுக்குச் சேராது, அது ஆளுக்குரியது. புது கார் வாங்கியவர்களும் பாருங்கள்: 2018 செப்டம்பர் முதல் புது காருக்குத் தேர்டு பார்ட்டி 3 வருடத்துக்குச் சேர்த்தே போடுகிறார்கள். வண்டிச் சேதக் கவர் பல பேருக்கு ஒரு வருடத்திலேயே முடிந்துவிடுகிறது.

மோசடி, போலி ஆவணம் என்று மாநகரக் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) வாங்கியிருக்கிறேன். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார் தளத்திலும் பதிந்திருக்கிறேன், 155255 என்ற எண்ணில் போனிலும் சொல்லலாம். விசாரணை அதிகாரி சொன்னது, ஒரே ஒரு புகார் என்றால் 'டைப்பிங் மிஸ்டேக்' என்று தப்பிக்கப் பார்ப்பார்கள், பத்துப் பேர் வந்தால் முடியாது. திருச்சி, தஞ்சாவூர் பக்கம் யாருக்காவது வாட்ஸ்அப்பில் பாலிசி வந்து, சரிபார்த்ததில் ஸ்கூட்டர் என்று தெரிந்தால், வாட்ஸ்அப்பையும் ஜிபே ரசீதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு நேராகக் குற்றப் பிரிவுக்குப் போங்கள். அதற்கு முன் புது பாலிசி எடுத்துவிடுங்கள், அதுவரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.