பெல்லட் சரியில்லையா, சைசர் வாங்குங்கள் என்கிறார்களா? உஷார்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ச் சாமான் வாங்குகிறவர்களுக்காக. ஏர் ரைஃபிளில் போட்டுச் சுடும் சிறு ஈயக் குண்டுதான் பெல்லட். போட்டித் தரம் என்று சொல்லி, கண்ட பெல்லட்டுகளையும் கலந்து அடைத்த டின் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். கேட்கப் போனபோது, அதைச் சரிசெய்ய என்று சைசர் என்ற ஒரு கருவியையும் சேர்த்துக் கட்டினார்கள். நோயைக் கொடுத்தவனே மருந்துக்கும் காசு வாங்கிய கதை.

துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்தவர். வளர்ந்ததும் பழகியதும் குஜராத்தில் என்றாலும், 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் அவர் தங்கம் வென்ற பிறகு எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டின் மேல் ஓர் ஆசை வந்திருக்கிறது. என் மகளும் அப்படி வந்தவள்தான். பயிற்சி மையத்துக்குப் போகாத நாட்களில் மாடியில் பத்து மீட்டர் அளந்து, பின்னால் இரும்புப் பெட்டி வைத்துச் சுடுவாள். ஆசை பெருகினால் வியாபாரிகளும் பெருகுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, சரக்கு ஒழுங்காக இருந்தால்.

டின்னின் மூடியில் பெல்லட்டின் தலை அளவு 4.50 மில்லிமீட்டர், எடை 0.53 கிராம் என்று அச்சிட்டிருந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தால் தொகுப்பு எண் ஒட்டியிருந்த இடத்தில் பசையின் தடம் மட்டும் இருந்தது. உள்ளே இருந்ததைக் கண்ணாடி மேசையில் கொட்டினேன். சிலவற்றின் பின்விளிம்பில் நெடுக வரிகள். சிலவற்றில் மழமழவென்று ஒன்றுமே இல்லை. ஒரே அச்சில் அடித்தவை இப்படி இருக்காது. பல பெல்லட்டுகளின் இடுப்பில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. ஈயம் ஈரக்காற்றில் நாள்பட இருந்தால் அப்படித்தான் பூக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. புதிய டின் என்று விற்றதில் அது வந்த வழிதான் கேள்வி.

திருப்பாதிரிப்புலியூரில் நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பரின் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். 0.47 கிராமில் இருந்து 0.56 வரை போனது. நல்ல போட்டி பெல்லட்டுகள் ஒன்றுக்கொன்று சில மில்லிகிராம்தான் வேறுபடும். பொன் எடை பார்த்தே பழகிய அவர், "அண்ணே, இதை ஒரே சரக்கு என்று எவன் சொன்னான்?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த விளையாட்டின் அளவுகள் அப்படி. அட்டையில் உள்ள கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர், அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். இந்தக் கலப்படத்தை வைத்துச் சுட்டுவிட்டு, எட்டும் ஏழும் விழும்போதெல்லாம் தன் மூச்சிலும் தோளிலும் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை.

கடைக்காரரிடம் டின்னை வைத்தபோது அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "பாப்பாவுக்குக் கை நடுங்குகிறது சார், பெல்லட்டில் ஒன்றுமில்லை" என்றார். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து சைசர் ஒன்றை எடுத்தார். இதில் ஒவ்வொரு பெல்லட்டையும் வைத்து அழுத்தி எடுத்தால் எல்லாம் ஒரே அளவுக்கு வந்துவிடும், வெளிநாட்டில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கிறார்கள் என்றார். 3,500 ரூபாய். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'உதிரி பாகம்' என்று எழுதிக் கொடுத்தார்.

சைசர் என்பது மோசடிக் கருவி அல்ல. துல்லியமாகக் கடைந்த துளை ஒன்று, அதன் வழியே பெல்லட்டைத் தள்ள ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். ஆனால் அது பெரியதைச் சிறியதாக்கும், சிறியதைப் பெரியதாக்காது. வீட்டில் அழுத்திப் பார்த்தபோது சில பெல்லட்டுகள் கறகறவென்று உராய்ந்து, ஈயச் சீவலை விட்டுவிட்டு இறங்கின. சில எந்தத் தடையும் இல்லாமல் சொத்தென்று மறுபக்கம் விழுந்தன. அந்த இரண்டாம் வகைக்கு இந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை. எடை வித்தியாசத்தை இது தொடவே தொடாது என்பது தனி.

இன்னொன்றும் நடக்கும். பெல்லட்டின் பின்பக்கம் உள்ளே குடைந்து, விளிம்பு மெலிதாகவும் தலையைவிடச் சற்று அகலமாகவும் இருப்பது காரணத்தோடுதான். பின்னாலிருந்து வரும் காற்று அந்த விளிம்பை விரித்துக் குழாயின் சுவரோடு ஒட்டவைக்கும். காற்று கசியாமல் தள்ளும். அந்த விளிம்பை சைசரில் நெருக்கிவிட்டால் காற்று பக்கவாட்டில் தப்பும், வேகம் குறையும், குண்டு தாழ்ந்து விழும். ரைஃபிளை வைஸில், அதாவது பட்டறையில் பொருளை அசையாமல் கவ்விப் பிடிக்கும் கருவியில், இறுக்கிச் சுட்டுப் பார்த்தோம். கை நடுக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல். அழுத்தாத பெல்லட்டுகள் ஐந்து ரூபாய் நாணய அகலத்துக்குச் சிதறின. அழுத்தியவை அதே சிதறலோடு கீழேயும் இறங்கின. மகளின் பயிற்சியாளரிடம் கடன் வாங்கிய நல்ல பெல்லட்டுகள் பத்தும் அதே குழாயிலிருந்து போய்க் கிட்டத்தட்ட ஒரே ஓட்டையாக விழுந்தன. அந்த அட்டையை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

இதே கடையில் 5.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள் ஒன்றையும் லைசென்ஸ் தேவையில்லை என்று காட்டினார்கள். நம்பாதீர்கள். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்பது 4.5 மில்லிமீட்டர் குழாய்க்கும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலுக்கும்தான். மாட்டினால் கடைக்காரர் வந்து நிற்க மாட்டார்.

வாங்கப் போகிறவர்கள் மூடி ஒட்டு பிரியாத டின்னை மட்டும் எடுங்கள். தலை அளவும் தொகுப்பு எண்ணும் டின்னிலேயே இருக்கிறதா பாருங்கள். பொருளின் பெயர் போட்ட ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். எடுத்த எடுப்பில் நாலைந்து டின் வாங்காமல், ஒன்றை வாங்கி வைஸில் வைத்துச் சுட்டுப் பார்த்து, உங்கள் குழாய்க்கு ஒத்துவந்தால் அதே தொகுப்பில் மேலும் வாங்குங்கள். ஒரே கம்பெனியின் 4.49 தலை ஒரு குழாய்க்கும் 4.50 இன்னொரு குழாய்க்கும் ஒத்துப்போவது சகஜம். வெள்ளை பூத்தவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம், அது ஈயத்தின் நஞ்சு. நல்ல பெல்லட்டாக இருந்தாலும் சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடவிடாதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்ததால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். புதுச்சேரியில் வாங்கியதற்குப் புதுச்சேரியில்தான் வழக்குப் போட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது பொய். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. அடுத்து கடலூரில் போடப் போகிறேன். டின், துண்டுச் சீட்டு, எடைக் குறிப்பு, சுட்ட அட்டைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. புகார் நடப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அண்மையில் புதுச்சேரியில் போட்டித் தர பெல்லட் வாங்கியவர்கள் டின்னின் அடியைத் திருப்பிப் பாருங்கள்; வெறும் பசைத் தடம் இருந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வழக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.